முயல் கறி: எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்வது

பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குக்கரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "பத்து விசில் விட்டுவிட்டேன், இன்னும் வேகவில்லை. என்ன முயலோ இது!" என்றார். ஒரு துண்டை எடுத்துப் பிய்த்தேன். நூல் நூலாகப் பிரிந்தது. வேகாத கறி அப்படிப் பிரியாது. நான்காவது விசிலிலேயே அது வெந்திருக்கும். அடுத்த ஆறு விசிலும் அதிலிருந்த ஈரத்தைப் பிழிந்து குழம்பில் விட்டிருந்தன.

பத்து விசில் கணக்கு அவருடைய மாமியார் சொன்னது. மாமியார் கணக்கும் தவறில்லை. அவர் காலத்தில் எங்கள் கொங்குப் பக்கத்தில் முயல் என்றால் கொள்ளுக்காட்டிலும் கரட்டு மேட்டிலும் ஓடித் திரிந்த காட்டு முயல். இன்று நாம் வாங்குவது கூண்டில் வளர்ந்த பண்ணை முயல். ஐரோப்பிய முயலிலிருந்து வந்தது அது. நம் காட்டு முயலுக்கும் அதற்கும் பேரினமே வேறு. காட்டு முயலின் கறி கருஞ்சிவப்பு, இறுக்கமானது, வாடை மிகுந்தது. பண்ணை முயலின் கறி வெளிர் இளஞ்சிவப்பு, மென்மையானது, கொழுப்பு மிகக் குறைந்தது. முன்னதற்கு ஏற்பட்ட செய்முறையைப் பின்னதன்மேல் சுமத்துவதால்தான் நம் வீடுகளில் முயல் கறி கெடுகிறது. கீழே வரும் பெரும்பாலான பிழைகளைத் துருவிப் பார்த்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். முயலின் வயது என்ன? வெட்டி எத்தனை மணி நேரம் ஆகிறது? கெட்டுப்போனது எந்தத் துண்டு, பின்னங்காலா முதுகா? இவை தெரியாமல் மசாலாவை மாற்றிப் பயனில்லை.

கறி கருஞ்சிவப்பாக இருக்கிறது

இதற்குக் காரணம் மூன்று இருக்கலாம். முதலாவது, அது காட்டு முயலாக இருப்பது. அப்படியென்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலை வேட்டையாடுவதும் விற்பதும் அதன் கறியை வைத்திருப்பதும் குற்றம். "நேற்று ராத்திரி கண்ணியில் விழுந்தது, ஆளுக்கு ஒரு கிலோ" என்று யாராவது தனியாக அழைத்துச் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எந்த நோயோடு இருந்தது, எப்போது செத்தது, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாத கறி அது.

இரண்டாவது, வயதான பண்ணை முயல். குட்டி ஈனும் காலம் முடிந்த தாய் முயல்களையும் கடாக்களையும் பண்ணைகள் கறிக்குத் தள்ளிவிடுவது வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வெட்டும் முன் முயல் பட்ட பாடு. சாக்கில் கட்டி, இருசக்கர வண்டியில் தொங்கவிட்டு, வெயிலில் இரண்டு மணி நேரம் கொண்டுவந்து உடனே வெட்டினால், மிரட்சியில் தசையிலிருந்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகிறது. கறி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெடுகிறது. காற்றுப் புகும் கூடையில் கொண்டுவந்து, நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டி, மிரட்சி அடங்கிய பிறகு வெட்டுகிற கடைக்காரரிடம் வாங்குங்கள். முயலுக்கும் அது மரியாதை.

இளசா முற்றலா என்று தெரியவில்லை

கறிக்கு ஏற்ற பண்ணை முயல் ஏறத்தாழ 12 வார வயதில் உயிர் எடை 2 கிலோவைத் தொடும். நம் வெயிலில் சில வாரங்கள் கூடுதலாக ஆகலாம். ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து ஒயிட், காலிபோர்னியன் ஆகியவைதான் இங்கே அதிகம் வளர்க்கப்படும் இனங்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இந்த மாதிரிக் கறி இனங்களைப் பல ஆண்டுகளாக வளர்த்துவருகிறது. நம் மாநிலத்தில் முயல் வளர்ப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் அது நல்ல இடம்.

எடை 3 கிலோவுக்கு மேல் இருந்தால் வயதைக் கேட்டே வாங்குங்கள். நகத்தைப் பாருங்கள்: இளசின் நகம் சிறியது, கூர்மையானது, முற்றலின் நகம் நீண்டு தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். காது மடலை விரலால் வளைத்துப் பாருங்கள்: இளசின் காது துணிபோல மடங்கும். இளம் முயலின் கீழ்த்தாடை எலும்பு அழுத்தினால் சற்று வளைந்துகொடுக்கும். தோல் உரித்து, தலையும் காலும் இல்லாமல் வைத்திருந்தால் இந்தச் சோதனைகள் எதற்கும் வழியில்லை. அதனாலேயே நான் அப்படி வாங்குவதில்லை.

2 கிலோ என்றார்கள், ஒரு கிலோதான் தேறியது

ஏமாற்றவில்லை. தோல், தலை, பாதம், குடல் எல்லாம் போக, உயிர் எடையில் 50 முதல் 55 விழுக்காடுதான் கறியாக மிஞ்சும். 2 கிலோ முயலுக்கு ஒரு கிலோ, சற்றுக் கூடினால் 1,100 கிராம். விலை உயிர் எடைக்கா, கறி எடைக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான்கு பேர் சாப்பிட ஒரு முயல் போதும்.

இது முயல்தானா என்ற ஐயம்

பூனையை முயல் என்று விற்றுவிடுவார்களோ என்ற பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் சில சந்தைகளில் முயலை ரோமம் உள்ள பாதத்தோடு விற்கும் பழக்கம் இருந்ததற்கு இந்த ஐயமே காரணம். வழி எளிது. தலையோடு வாங்குங்கள். முயலுக்கு முன்னால் உளி போன்ற நீண்ட பற்கள் இருக்கும், கோரைப்பல் கிடையாது. பூனைக்குக் கோரைப்பல் கூர்மையாகத் தெரியும். இதில் குழம்ப வாய்ப்பே இல்லை.

கொழுப்பு மஞ்சளாக இருக்கிறது

பயப்பட வேண்டாம். சில முயல்களுக்குப் பசுந்தழையிலுள்ள மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் திறன் பிறவியிலேயே இருப்பதில்லை; அது கொழுப்பில் படிந்துவிடுகிறது. குதிரைமசாலும் வேலிமசாலும் தின்று வளர்ந்த முயலில் இதைப் பார்க்கலாம். சுவை மாறாது. ஆனால் கொழுப்பு மட்டுமின்றிக் கறியும் சவ்வும் சேர்ந்து மஞ்சளாக இருந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ வாங்காதீர்கள்.

ஈரலில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றுக்குள் நீர்க் கொப்புளங்கள்

ஈரலைப் பார்க்காமல் முயல் வாங்கவே கூடாது. நல்ல ஈரல் ஒரே சீரான பழுப்புச் சிவப்பாக, பளபளப்பாக இருக்கும். அதன்மேல் கடுகளவிலோ மிளகளவிலோ வெண்மஞ்சள் முடிச்சுகள் தென்பட்டால், பெரும்பாலும் அது முயல்களைத் தாக்கும் காக்சிடியோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய். இந்த ஒட்டுண்ணி மனிதரைத் தாக்குவதில்லை. ஆனாலும் அந்த ஈரலைச் சமைக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். முயல் மெலிந்து, வயிறு உப்பி இருந்திருந்தால் முழு முயலையும் ஒதுக்குவதே என் வழக்கம்.

குடலைச் சுற்றியுள்ள சவ்வில் பட்டாணி அளவு கண்ணாடிபோன்ற நீர்க் கொப்புளங்கள் தொங்கினால், அவை நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம். கொப்புளம் உள்ள பகுதிகளை எடுத்து எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். நாய் தின்றால் புழுவின் சுற்று மறுபடி தொடங்கிவிடும். பண்ணைக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவருடைய தீவனத்தை நாய் அசுத்தம் செய்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ரோமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீரில் போகவில்லை

முயலின் ரோமம் மெல்லியது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். கழுவும் முன்பே, சற்று ஈரமான பருத்தித் துணியால் ஒரே திசையில் அழுத்தித் துடையுங்கள். கழுவுவது அதற்குப் பிறகு. பாத்திரத்துக்குள்ளேயே கழுவுங்கள், குழாயைத் திறந்துவிட்டால் கறித்தண்ணீர் மேடையெங்கும் தெறிக்கும்.

மூத்திர வாடை, கவிச்சி

இரண்டையும் ஒன்றாக எண்ணி மசாலாவைக் கொட்டுகிறோம். அவை வேறு வேறு.

கவிச்சி எல்லாக் கறிக்கும் உள்ளது. மஞ்சளும் கல்லுப்பும் போட்ட குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் உறைந்த ரத்தம் இறங்கிவிடும். இளம் பண்ணை முயலுக்கு அவ்வளவே போதும். காட்டு முயலுக்குப் போட்டதுபோல் பட்டை, கிராம்பு, சோம்பு, கல்பாசி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் முயலின் மெல்லிய இனிப்பு தெரியாமலே போய்விடும். ஊதுபத்திக் கட்டுக்கு நடுவில் வைத்த மல்லிகை மாதிரி.

மூத்திர வாடை வந்தால் வெட்டியவரின் கை தவறியிருக்கிறது. சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம், அல்லது அடிவயிற்றின் கீழ், ஆசனவாயை ஒட்டி இருபுறமும் இருக்கும் சிறு வாசனைச் சுரப்பிகளை எடுக்காமல் விட்டிருக்கலாம். பின்னங்கால்கள் சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். பழுப்பாகவோ மஞ்சளாகவோ மெழுகுபோல் ஏதாவது இருந்தால் கத்தி நுனியால் சுற்றியுள்ள கொஞ்சம் கறியோடு சேர்த்து அறுத்து எறியுங்கள். கத்தியைக் கழுவிய பிறகே அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். வயதான கடா முயலில் இந்த வாடை கூடுதல். அதற்கு மோரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவுவது உதவும். பாதி வாடையாவது குறையும்.

கசக்கிறது

ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பை உடைந்திருக்கிறது. பச்சைக் கறியில் பச்சை நிறக் கறை தெரிந்தால் அந்த இடத்தை அறுத்துவிடுங்கள்; கழுவினால் போகாது. சமைத்த பிறகு கண்டுபிடித்தால் வழியில்லை. தேங்காய்ப்பால் ஊற்றி மறைக்கப் பார்ப்பது தேங்காயையும் வீணாக்கும். குழம்பு கசந்து, கறி கசக்கவில்லை என்றால் அது தீய்ந்த பூண்டோ கருகிய மல்லித்தூளோதான்.

கறி ரப்பர்போல இழுக்கிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். "கடினமாக இருக்கிறது" என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு.

பின்னங்காலிலிருந்து ஒரு துண்டை எடுத்து இரு விரலால் பிய்த்துப் பாருங்கள். எலும்பைவிட்டு வர மறுக்கிறது, பல்லில் துள்ளுகிறது, ஆனால் உள்ளே ஈரம் இருக்கிறது என்றால் அது வேகவில்லை. தசைகளைக் கட்டியிருக்கும் சவ்வு இன்னும் கரையவில்லை. மூடி போட்டு, சிறுதீயில், கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தொடருங்கள். குளிர்ந்த நீர் ஊற்றினால் கொதி அடங்கி நேரம்தான் வீணாகும்.

எலும்பைவிட்டு எளிதாக வருகிறது, நாராகப் பிரிகிறது, மெல்ல மெல்ல வாய் வறண்டுபோகிறது என்றால் அது வெந்து முடிந்து வெகுநேரமாகிவிட்டது. அடுப்பை உடனே அணையுங்கள்.

மூன்றாவது வகையை நம்மில் பலர் அறியவில்லை. எவ்வளவு வேகவைத்தாலும் எல்லாத் துண்டுகளும் ஒரேமாதிரி முறுக்கிக்கொண்டு, சுருங்கி, கட்டையாக இருக்கும். வயதான முயலாகவும் இருக்காது. இது விறைப்பு விலகும் முன் சமைத்த கறி. எந்த விலங்கும் வெட்டிய சில மணி நேரத்தில் விறைத்துப்போகும். பிறகு தசை தானே தளரும். முயலுக்கு அது தளர ஒரு நாள் வேண்டும். கண்ணெதிரே வெட்டி வாங்கி, இளஞ்சூட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரத்தில் சட்டியில் போடுவதுதான் நம் பழக்கம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்று இல்லை. சனிக்கிழமை வாங்குங்கள், சுத்தம் செய்து, துடைத்து, மூடிய பாத்திரத்தில் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்சாதனப் பெட்டியில் 12 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து ஞாயிறு சமையுங்கள். என் சமையலில் வேறெந்த மாற்றமும் இதன் பாதி அளவுகூடப் பலன் தந்ததில்லை. பச்சைக் கறியாக வைப்பதற்கு 2 நாள் எல்லை.

இன்னொரு தவறும் இதனோடு சேர்ந்தது. வெட்டிய உடனே உறைபெட்டியில் போட்டுவிடுவது. விறைப்பு முடியாமல் உறைந்த கறி, உறைவு நீங்கும்போது கடுமையாகச் சுருங்கித் தண்ணீரைக் கக்கும். உறையவைப்பதானால் ஒரு நாள் கழித்து.

எத்தனை விசில்?

விசில் கணக்கைக் கைவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் 3 லிட்டர் குக்கரின் நான்கு விசிலும் என் 5 லிட்டர் குக்கரின் நான்கு விசிலும் ஒரே நேரம் ஆகாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றால், நஷ்டம் நமக்குத்தான். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இளம் முயலின் கால் துண்டுகளுக்கு 12 முதல் 15 நிமிடம், முற்றலுக்கு 25 முதல் 30 நிமிடம், அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் திறக்க வேண்டாம். மூடிய வாணலியில் சிறுதீயில் சமைத்தால் இளம் காலுக்கு 40 முதல் 50 நிமிடம்.

முதுகுத் துண்டைக் குக்கரில் போடவே போடாதீர்கள்.

கால் நன்றாக இருக்கிறது, முதுகு பஞ்சாகிவிட்டது

ஒரே முயலுக்குள் இரண்டு கறி இருக்கிறது. கால்கள் உழைக்கும் தசை; சவ்வு நிறைய, நேரம் கேட்கும். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் கறி உழைக்காத தசை. கொழுப்பில்லை, சவ்வில்லை, 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் ஒன்று கெட்டே தீரும். ஆட்டில் தொடையும் ஈரலும் ஒரே நேரத்தில் போடமாட்டோம் அல்லவா, அதே அறிவை இங்கேயும் காட்ட வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிபாளையம் முறையில் செய்வது இதற்கு மிகவும் பொருந்துகிறது. அதில் மசாலாத்தூள் இல்லை. முயலின் சுவை மறையாது. ஒரு கிலோ கறிக்கு கால் கிலோவுக்குக் குறையாமல் சின்ன வெங்காயம், விதை நீக்கிக் கிள்ளிய காய்ந்த மிளகாய் 15, பத்துப் பல் பூண்டு தட்டியது, அரை மூடித் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறியது, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. தேங்காயெண்ணெய் ஆறு மேசைக்கரண்டி. இதில் கஞ்சத்தனம் கூடாது, ஏனென்றால் இந்தக் கறி தனக்கென்று கொழுப்பு வைத்திருக்கவில்லை. எண்ணெய் காய்ந்ததும் மிளகாய், பூண்டு, வெங்காயம் வதக்கி, கால், சப்பைத் துண்டுகளை மட்டும் போட்டுப் புரட்டி, உப்பும் மஞ்சளும் சேர்த்து, ஒரு குவளை வெந்நீர் விட்டு மூடுங்கள். அரை மணி நேரம் சிறுதீ. கால் துண்டுகள் முக்கால் பதம் வெந்த பிறகே முதுகுத் துண்டுகளும் விலாவும் தேங்காயும் போட வேண்டும். இன்னும் 15 நிமிடம். கடைசியில் ஈரல், 5 நிமிடம். மூடியைத் திறந்து நீரை வற்றவிட்டு இறக்குங்கள். சுருளச் சுருள வறுக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஆட்டுச் சுக்காவுக்கு அது அழகு, முயலுக்கு ஆகாது. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போதே போதும்.

முதுகுக் கறியை மட்டும் வறுக்க விரும்பினால், ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் உப்பு கரைத்து, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் துடைத்தெடுங்கள். உப்புநீர் தசைக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சமைக்கும்போது உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

ஏற்கெனவே வறண்டுவிட்டது, காப்பாற்ற முடியுமா?

பழைய பதத்துக்குக் கொண்டுவர முடியாது. வேறு பண்டமாக்கலாம். பத்து விசில் அக்காவின் கறியை அன்று எலும்பு நீக்கி உதிர்த்தோம். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, உதிர்த்த கறியைப் போட்டு, குக்கரில் மிஞ்சிய சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து இழுக்கவிட்டு, நான்கு முட்டை உடைத்து ஊற்றி, மிளகு தூவிக் கிளறினோம். முட்டை அந்த நாருக்கு இல்லாத ஈரத்தைக் கொடுத்தது. சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், கறியை விட்டுப் போன சுவை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

குழைந்துபோய் மாவாகிவிட்டது

பப்பாளிக்காய். முற்றல் ஆட்டுக்கறிக்குப் போடும் அளவை இளம் முயலுக்குப் போட்டுவிட்டீர்கள். இளசுக்குப் பப்பாளியே வேண்டாம். முற்றல் முயலுக்கு ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி விழுது, அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. இரவு முழுவதும் தயிரில் ஊறவைத்தாலும் மேற்புறம் இப்படித்தான் மசியும். இஞ்சிச் சாற்றுக்கும் கறியை இளக்கும் குணம் உண்டு என்பதால், இஞ்சி விழுது தடவிய கறிக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

எலும்புத் துணுக்கு பல்லில் படுகிறது

இது சின்னத் தொல்லை அன்று, குழந்தைகள் உள்ள வீட்டில் ஆபத்து. முயலின் எலும்பு மெல்லியது, உறுதியானது. கோழிக்கடையில் பெரிய கத்தியால் ஓங்கிப் போட்டால் ஊசி ஊசியாகச் சிதறும். "மூட்டு மூட்டாக எடுத்துக் கொடுங்கள், பொடிப்பொடியாக வெட்ட வேண்டாம்" என்று சொல்லி வாங்குங்கள். வீட்டில் செய்வதும் கடினமில்லை. முன்னங்காலுக்கு உடலோடு எலும்புப் பிணைப்பே கிடையாது, தசையை அறுத்தால் கையோடு வந்துவிடும். பின்னங்காலை வெளிப்புறமாக மடக்கினால் இடுப்பு மூட்டு பந்துபோல வெளியே தெரியும், அங்கே கத்தியை வையுங்கள். முதுகை மட்டும் மூன்று நான்கு துண்டாக்க வேண்டும். இரு கணுக்களுக்கு நடுவே கத்தியை அழுத்தி, கையால் முறித்து எடுங்கள். ஏற்கெனவே பொடியாக வெட்டி வாங்கிவிட்டிருந்தால் ஒவ்வொரு துண்டையும் தண்ணீருக்குள் விரலால் தடவிப் பார்த்த பிறகே சமையுங்கள். அந்தக் கறியைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட வேண்டாம்.

குழம்பு நீர்த்து, வெறுமையாக இருக்கிறது

கொழுப்பு இல்லாத கறியின் குழம்பு அப்படித்தான் இருக்கும். ஆட்டுக் குழம்பில் கொழுப்பு உருகித் தருகிற கனத்தை இங்கே நாம்தான் தர வேண்டும். வறுத்த தேங்காயோடு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ கசகசாவோ சேர்த்து அரைத்து விடுங்கள். முன்னங்கால், கழுத்து, விலா எலும்புகளை முதலில் தனியே வேகவைத்து அந்தச் சாற்றில் குழம்பு கூட்டினால் இன்னும் நல்லது.

எலும்பருகே சிவப்பாக இருக்கிறது

இளம் எலும்பின் மஜ்ஜையிலிருந்து வரும் நிறம் வெந்த பிறகும் தங்கலாம். நிறத்தை நம்பாமல் சாற்றைப் பாருங்கள்: தடித்த இடத்தில் குத்தினால் தெளிவாக வர வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் எலும்பைத் தொடாமல் குத்துங்கள். 71 டிகிரி செல்சியஸ் காட்டினால் உண்ணத் தகுந்தது. ஐயம் இருந்தால் மேலும் 5 நிமிடம் வைக்கலாம், பச்சையாக உண்பதைவிட வறண்டு உண்பது மேல்.

பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்கள்

உயிரோடு வாங்கிவந்து, அரை நாள் வீட்டில் வைத்து, பிள்ளைகள் புல் ஊட்டி விளையாடிய பிறகு வெட்டினீர்களா? அப்படியென்றால் அவர்கள் மறுப்பது சரி. வற்புறுத்தாதீர்கள், "இது கோழி" என்று பொய்யும் சொல்லாதீர்கள். அடுத்த முறை வெட்டிய கறியாக வாங்கி வாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் அவர்களுக்கு வேறு சமையுங்கள்.

மறுநாள் இறுகிவிட்டது

வாணலியில் போட்டுச் சூடாக்கியதால் வந்தது. மிஞ்சிய கறியை எப்போதும் அதன் சாற்றோடு எடுத்துவையுங்கள். மறுநாள் மூடிய கிண்ணத்தில் இட்லிப் பானைக்குள் வைத்து 10 நிமிடம் ஆவி காட்டினால் மென்மை குறையாது. ஒரு முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். உறையவைத்த பச்சைக் கறியை முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி, ஒரு தட்டின்மேல் வைத்து உருகவிடுங்கள். மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊரானால் இரண்டு மாதத்துக்கு மேல் சேமிக்காதீர்கள். பொட்டலத்தின்மேல் தேதியோடு இளசு அல்லது முற்றல், கால் அல்லது முதுகு என்றும் எழுதி ஒட்டிவிடுங்கள். உறைந்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.